ஏற்காடு மலையிலிருந்து இறங்க: பாஸ், பஸ், மினிபஸ், ஸ்கூட்டர் எதற்கு யாரிடம் மனு கொடுப்பது

என்னைப் போன்ற மாற்றுத்திறனாளிகளுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டிக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். பயணம் உங்களுக்கு இலவசமாகவே இருக்கட்டும், கண்டக்டர் பத்து வருஷமாகத் தெரிந்தவராகவே இருக்கட்டும், "பாஸ்தானே, உட்காருங்கண்ணா" என்று அவர் பாசமாகச் சொன்னாலும் சரி, அந்தக் கட்டணமில்லா டிக்கெட்டை மெஷினில் அடித்துக் கையில் வாங்கிய பிறகுதான் உட்கார வேண்டும்.

காரணம் இருக்கிறது. நான் ஏற்காட்டில் ஒண்டிக்கடைக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இடது கால் போலியோ, கட்டை ஊன்றித்தான் நடை. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நகல் எடுக்க வருகிறார்கள், மீதிப் பேர் மனு எழுத வருகிறார்கள். சில வருஷம் முன்னால் ஒரு மலைக் கிராமத்துக்கு வந்துகொண்டிருந்த காலை பஸ் திடீரென்று நின்றுபோனது. எந்த ஊர், எந்த பஸ் என்று இங்கே சொல்லப்போவதில்லை. ஊர்க்காரர்கள் போய்க் கேட்டதற்கு "அந்த ட்ரிப்பில் ஆளே இல்லையே" என்று பதில் வந்ததாம். ஆள் இருந்தார்கள். கீழே வைத்தியத்துக்குப் போகிறவர்கள், கண் தெரியாத ஒரு பெரியவர், அவரைக் கூட்டிப்போகும் பேத்தி, பள்ளிப் பிள்ளைகள் என்று தினமும் பத்துப் பதினைந்து பேர். அவர்களில் பாதிக்கு மேல் யாருக்கும் டிக்கெட் அடிக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. மெஷின் கணக்கில் அந்த ட்ரிப்பில் நான்கு பேர், ஐந்து பேர்தான். இலவசப் பயணத்துக்கான பணத்தை அரசு கொடுப்பதும் கணக்கைப் பார்த்துத்தான், தடத்தை வைப்பதா எடுப்பதா என்று முடிவு செய்வதும் கணக்கைப் பார்த்துத்தான். மகளிர் இலவசப் பயணத்துக்கு மட்டும் 2024-25 பட்ஜெட்டில் 3,050 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அவ்வளவு பெரிய தொகையில் நம் ஊர் ட்ரிப்பின் பங்கு ஒரு சின்னத் தாள் துண்டில் இருக்கிறது. அதைத்தான் நாம் வாங்காமல் விடுகிறோம்.

சரி, இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கையில் அட்டை இல்லாமல் எதுவும் நகராது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை கொடுக்கும் பழைய தேசிய அடையாள அட்டை பலரிடம் இருக்கும். இப்போது எல்லா இடத்திலும் கேட்பது யுடிஐடி என்கிற தனித்துவ அடையாள அட்டை. ஸ்வாவலம்பன் என்ற மத்திய அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆதார், போட்டோ, முகவரிச் சான்று போதும், பழைய சான்றிதழ் இருந்தால் அதையும் ஏற்றிவிடுங்கள். அப்புறம் மருத்துவக் குழு முன்னால் போய் நிற்க வேண்டும், அவர்கள்தான் சதவீதம் போடுவார்கள். 40 முதல் 80 சதவீதம் வரை மஞ்சள் அட்டை, 80-க்கு மேல் நீலம், 40-க்குக் கீழே வெள்ளை. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம்தான் கோடு. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். "கை கால் நல்லாத்தானே இருக்கு" என்று அக்கம்பக்கத்தில் சொல்வதைக் கேட்டு, அரிவாள் செல் ரத்தசோகை இருப்பவரும் தசைச் சிதைவு இருப்பவரும் விண்ணப்பமே போடாமல் இருப்பதை என் கடையிலேயே பார்த்திருக்கிறேன். அந்த இரண்டும் பட்டியலில் இருக்கின்றன.

குழந்தைகளுக்குக் கொடுக்கும் சான்று பல நேரம் தற்காலிகம். எந்தத் தேதி வரை செல்லும் என்று அதிலேயே போட்டிருக்கும். அந்தத் தேதியைச் சுவர்க் காலண்டரில் குறித்து வையுங்கள், தாண்டிவிட்டால் பாஸிலிருந்து உதவித்தொகை வரை எல்லாம் ஒரே நாளில் நின்றுவிடும். இன்னொன்று, ஆதாரில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பெயர் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். என் ஆதாரில் அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால், அட்டையில் பின்னால் இருந்தது. ஓர் அலுவலகத்தில் இதற்காக மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்று முறை மலையிலிருந்து இறங்கி ஏறினேன் என்றால், ஒரு தடவைக்கு இருபதாக அறுபது கொண்டை ஊசி வளைவு கீழே, அறுபது மேலே.

பஸ் சலுகையில்தான் ஆட்கள் அதிகம் குழம்புகிறார்கள், ஏனென்றால் அது ஒன்று இல்லை, மூன்று. முதலாவது, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் முழு இலவசம். 2021-ல் பெண்களுக்குக் கொண்டுவந்த உடனேயே மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களோடு போகும் துணையாள் ஒருவருக்கும் விரித்தார்கள். இதற்குத் தனி விண்ணப்பம் வேண்டாம், அட்டையைக் காட்டினால் போதும். துணையாளுக்கும் தனி டிக்கெட் உண்டு, அதையும் கேட்டு வாங்குங்கள். ஆனால் பஸ்ஸின் போர்டைப் பார்த்து ஏறுங்கள். சேலம் அஸ்தம்பட்டியில் நின்றுகொண்டு வருகிற எல்லா பஸ்ஸும் இலவசம் என்று நினைத்து ஏறினால் கோரிமேடு தாண்டுவதற்குள் கண்டக்டரோடு தகராறு ஆகிவிடும். மலைத் தடத்துக்குக் கட்டணமும் தனி, வகையும் தனி. உங்கள் ஊர்த் தடம் எந்த வகையில் வருகிறது என்பதை, அந்த பஸ் எந்தக் கிளையிலிருந்து வருகிறதோ அந்தக் கிளை மேலாளரிடம் ஒருமுறை எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது தினம் தினம் படிக்கட்டில் நின்று வாதாடுவதைவிட மேல்.

இரண்டாவது, வருஷ பாஸ். பள்ளி, கல்லூரி, வேலை, பயிற்சி மையம், மருத்துவமனை ஆகிய காரணங்களுக்காக வீட்டிலிருந்து அந்த ஓர் இடத்துக்குப் போய்வர இலவசம். அந்த ஓர் இடம் எது என்று விண்ணப்பத்தில் எழுதுவதுதான் இதில் சூட்சுமம். "சேலம் போக" என்று மொட்டையாக எழுதினால் திரும்பி வரும். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மாதம் இரண்டு முறை பிசியோதெரபி என்றால், அங்கே சிகிச்சை பெறுகிறார் என்று டாக்டரிடம் ஒரு சான்று வாங்கி இணைக்க வேண்டும். வேலைக்கு என்றால் முதலாளியிடம், படிப்புக்கு என்றால் தலைமை ஆசிரியரிடம். சேலம் கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர்தான் இதற்கு வாசல், அங்கே பரிந்துரைத்த பிறகு போக்குவரத்துக் கழகம் பாஸ் கொடுக்கும். நீங்கள் கொடுக்காத கட்டணத்தை அரசு ஈடுகட்டுகிறது. அதனால் இது யாரோ நமக்குப் போடும் தர்மம் இல்லை, கூச்சப்பட ஒன்றுமில்லை. வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், முடிவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே ஆரம்பியுங்கள்.

மூன்றாவது, வெளியூர் போகும் அரசு பஸ்களில் 75 சதவீதம் தள்ளுபடி, அதாவது நூறு ரூபாய் டிக்கெட்டுக்கு இருபத்தைந்து. கண்டக்டர் அட்டையின் நகலைக் கேட்பார், ஐந்தாறு நகல் எடுத்துப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் கடைக்காரன் வியாபாரத்துக்காகச் சொல்கிறான் என்று நினைக்க வேண்டாம், பிளாஸ்டிக் கவரில் போட்டு வைக்கவும் சொல்கிறேன். மேகம் இறங்கினால் இந்த மலையில் சட்டைப் பையில் இருக்கும் காகிதம்கூட ஊறிவிடும், மை கலைந்த நகலை யாரும் வாங்கமாட்டார்கள்.

இந்த மூன்றும் அரசு பஸ்ஸில் மட்டும்தான். தனியார் பஸ்ஸிலும் தனியார் மினிபஸ்ஸிலும் செல்லாது. இதைப் பின்னால் மினிபஸ் பேச்சு வரும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்குப் போக்குவரத்துப் படி உண்டு, கூட்டிக்கொண்டு போய்விட்டு அழைத்து வருகிறவருக்குத் துணையாளர் படி உண்டு. பஸ்ஸே வராத ஊரில் பாஸ் வைத்து என்ன செய்வது, அங்கே இந்தப் படிதான் உதவும், ஜீப்புக்கோ ஆட்டோவுக்கோ ஒரு பங்காவது கட்டும். வட்டார வள மையத்தில் சிறப்பு ஆசிரியரைப் பாருங்கள். குழந்தையின் பெயர் அவர்களுடைய பதிவேட்டில் இருந்தால்தான் பணம் வரும், பெயர் சேர்த்திருக்கிறார்களா என்பதை ஜூன் மாதமே கேட்டுவிடுங்கள்.

மருத்துவத்துக்கு இறங்குவதையும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை மட்டும் இல்லை, வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்வதும், படுத்த படுக்கையாக இருப்பவருக்கான வலி தணிப்புச் சிகிச்சையும் அதில் உண்டு. பக்கவாதம் வந்த அப்பாவை மாதம் நாலு தடவை வாடகைக் காரில் இறக்கிக் கொண்டுபோன ஒருவர் என் கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். அவர் அந்த வருஷம் விற்ற மிளகுப் பணம் மொத்தமும் டாக்ஸிக்கே போயிருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேர் கொடுத்த பிறகு நாலு தடவை ஒன்றாகக் குறைந்தது.

இப்போது பஸ் ஏறும் கதை. மலை பஸ்ஸின் முதல் படி எனக்கு முழங்காலுக்கு மேலே வரும். நான் ஏறும் விதம் இது: கட்டையை முதலில் உள்ளே கொடுத்துவிடுவேன், அதை யாராவது தயவுசெய்து வாங்கி வைக்கட்டும். இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்து, நல்ல காலை முதலில் மேலே வைத்து, உடம்பை இழுத்துக்கொண்டு மோசமான காலைப் பின்னால் சேர்ப்பேன். இறங்கும்போது தலைகீழ், மோசமான கால் முதலில், நல்ல கால் கடைசியில். ஏறும்போது பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துத் தூக்கி உதவி செய்ய வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வேண்டாம், விழுந்துவிடுவோம், தோளை மட்டும் கொடுங்கள். உள்ளே போனதும் வாசலுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் இருக்கையைக் கேளுங்கள். யாராவது உட்கார்ந்திருந்தால் கண்டக்டரை வைத்துக் கேட்பது நல்லது, நாமே கேட்டால் சில பேருக்கு அன்றைக்குப் பார்த்துத் தூக்கம் வந்துவிடும்.

பஸ் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் விதி இருக்கிறது. மத்திய அரசு 2019 டிசம்பரில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது, 2020 மார்ச் 1 முதல் அமல். மாற்றுத்திறனாளிகளுக்கான முன்னுரிமை இருக்கை, அதற்கான அடையாளக் குறி, ஊன்றுகோலையும் வாக்கரையும் பத்திரமாக மாட்டி வைக்க இடம், பிடித்துக்கொள்ளக் கம்பி, சக்கர நாற்காலி ஏறவும் அதை நகராமல் பூட்டி வைக்கவும் வசதி இதெல்லாம் பஸ்ஸில் இருக்க வேண்டும் என்கிறது அது. புது பஸ் உங்கள் தடத்துக்கு வந்து, கட்டை வைக்க இடமில்லாமல் அது வளைவுக்கு வளைவு உருண்டுகொண்டே இருந்தால், பஸ் நம்பரையும் தேதியையும் குறித்துக்கொண்டு இந்த விதியைச் சுட்டி எழுதுங்கள்.

சென்னையில் 2024-ல் தாழ்தளப் பேருந்துகள் மறுபடி ஓட ஆரம்பித்தபோது இங்கேயும் பலர் "நமக்கும் கேட்கலாமே" என்றார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவிலும், அதற்கப்பால் காப்பித் தோட்டத்துக்குள்ளே நெளியும் ஒற்றைச் சாலையிலும் அவ்வளவு தாழ்ந்த வண்டி அடி தட்டாமல் போகாது. நாம் கேட்க வேண்டியது பஸ் நிற்கும் இடத்தில் ஒரு மேடை. ஒரு முழ உயரம், நாலைந்து பேர் நிற்கும் அகலம், ஒரு பக்கம் சாய்தளம், மறு பக்கம் கம்பி. அங்கிருந்து ஏறினால் முதல் படி தரையில் ஓர் அடி எடுத்து வைப்பதுபோல் ஆகிவிடும். 2016 சட்டத்தின் 41-வது பிரிவு பஸ் நிறுத்தங்களையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது, அதனால் கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர உங்களுக்குச் சட்டப்படியான காரணமும் இருக்கிறது. வருஷத்தில் ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 2025-ல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தி உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க வழி செய்திருக்கிறது, அப்படி ஒருவர் இருந்தால் தீர்மானத்தை அவரை விட்டே முன்மொழியச் சொல்லுங்கள்.

பஸ்ஸே இல்லாத ஊருக்கு என்ன செய்வது? முதலில் ரோடு. ரோடு சரியில்லாமல் பஸ் கேட்டால் "சாலை பஸ் போகத் தகுதியாக இல்லை" என்று ஒரே வரியில் கோப்பை மூடிவிடுவார்கள். சேர்வராயன் மலையில் பல ஊருக்கு ரோடு காட்டு நிலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும், அங்கே வனத்துறை அனுமதி என்று வருஷக்கணக்கில் இழுக்கும். 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 3-வது பிரிவின் 2-வது உட்பிரிவில் பள்ளி, மருந்தகம், ரோடு என்று 13 பொது வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், கிராம சபை பரிந்துரையோடு ஒதுக்கலாம் என்று இருக்கிறது. இதற்கும் கிராம சபைத் தீர்மானம்தான் வேர். தீர்மானத்தில் "சாலை வசதி வேண்டும்" என்று பொதுவாக எழுதாமல் எங்கிருந்து எங்கே, எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், எத்தனை மரம் என்று எழுதச் சொல்லுங்கள்.

ரோடு இருக்கிறது, பஸ் இல்லை என்றால் இரண்டு கதவு. ஒன்று, அரசு பஸ்ஸை நீட்டிக்கக் கேட்பது. புது பஸ் கேட்பதைவிட, பக்கத்து ஊர் வரை வந்து திரும்பும் பஸ்ஸை இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே இழுப்பது எளிது, டீசல் செலவு கொஞ்சம், ஆள் புதிதாக வேண்டாம். இன்னொன்று மினிபஸ். 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்த புது மினிபஸ் திட்டத்தில் ஒரு தடம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம், பஸ்ஸே ஓடாத பகுதி அதில் பெரும்பகுதியாக இருக்க வேண்டும். ஆனால் நான் முன்னால் சொன்னது இங்கேதான் உதைக்கும். தனியார் மினிபஸ் வந்தால் ஊருக்கு பஸ் வரும், பாஸ் செல்லாது. மாற்றுத்திறனாளிகள் அதிகம் இருக்கும் ஊர் என்றால் முதலில் அரசு பஸ் நீட்டிப்பைக் கேளுங்கள், நடக்கவில்லை என்றால் மினிபஸ். நடைக்கு வழியே இல்லாதவருக்குக் காசு கொடுத்துப் போகும் பஸ்கூட எவ்வளவோ மேல்தான்.

மனுவில் என்ன எழுதுவது? பெர்மிட் விஷயம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நடந்தாலும் முடிவு கலெக்டர் மேசைக்கு வரும். ஆகையால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடமே கொடுத்து, நகலை போக்குவரத்துக் கழகக் கிளைக்கும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் கொடுங்கள். மனு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. நான் எழுதிக் கொடுக்கும் மனுவின் முக்கியப் பகுதி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"எங்கள் ஊரில் இத்தனை குடும்பங்கள் வசிக்கிறோம். அடையாள அட்டை பெற்ற மாற்றுத்திறனாளிகள் இத்தனை பேர், பட்டியல் இணைத்துள்ளோம். இன்ன ஊர் வரை காலை இத்தனை மணிக்கு வந்து திரும்பும் பேருந்து, எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திடல் வரை 2.4 கிலோமீட்டர் நீட்டிக்கப்பட்டால் இத்தனை பேர் தினமும் பயணிப்போம். சாலை தார்ச்சாலை, குறுகலான இடத்தில் அகலம் இவ்வளவு. கோயில் திடலில் பேருந்து திரும்ப இடம் உள்ளது, போட்டோ இணைத்துள்ளோம். கோரிக்கை: காலை ஒரு நடை, மாலை ஒரு நடை."

பஸ் திரும்ப இடம் இருக்கிறது என்று எழுதுகிற வரிதான் இதில் உயிர். ஆய்வுக்கு வருகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான். பெரிய பஸ் ரிவர்ஸ் எடுக்க முடியாத ஊருக்கு எந்த டிரைவரும் வரமாட்டார், வந்தாலும் மழைக்காலத்தில் நின்றுவிடும். டேப் வைத்து அளந்து போடுங்கள். பட்டியலில் ஒவ்வொருவர் அட்டை எண்ணும், எங்கே போகிறார் என்பதும் இருக்கட்டும். "பொதுமக்கள் மிகவும் சிரமப்படுகிறோம்" என்று எல்லா மனுவிலும் இருக்கிறது, உங்களுடையதில் எண்கள் இருக்கட்டும்.

மேடை, சக்கர நாற்காலி, மோட்டார் மூன்று சக்கர வண்டி போன்றவற்றுக்கு எம்.பி. நிதியையும் கேட்கலாம். ஓர் எம்.பி.க்கு வருஷத்துக்கு 5 கோடி ரூபாய், அதில் 7.5 சதவீதம் பழங்குடியினர் வாழும் பகுதிகளுக்குப் போக வேண்டும் என்று அந்தத் திட்டமே சொல்கிறது. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் நம் மலைக்கு அதைக் கேட்கும் உரிமை நன்றாகவே இருக்கிறது. இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நானே விழுந்தேன். மாவட்டம் சேலம் என்பதால் மனுவைத் தூக்கிக்கொண்டு சேலம் எம்.பி. அலுவலகத்துக்குப் போனேன். அரை நாள் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, ஏற்காடு சட்டமன்றத் தொகுதி கள்ளக்குறிச்சி நாடாளுமன்றத் தொகுதிக்குள் வருகிறது. ஓட்டுப் போடும்போது தெரிந்த விஷயம் மனு எழுதும்போது எப்படி மறந்தது என்று என் மனைவி இன்னும் கேட்கிறாள்.

சொந்த வண்டி வேண்டும் என்பவர்களுக்கு, கால்கள் பாதிக்கப்பட்டு கைகள் நன்றாக இருப்பவர்களுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரை மாநில அரசு இலவசமாகக் கொடுக்கிறது. படிக்கிறவர், வேலைக்குப் போகிறவர், சொந்தத் தொழில் செய்கிறவர் என்பதற்கான சான்று வேண்டும். உதவிக் கருவிகள் கொடுக்கும் மத்திய அரசின் "அடிப்" (ADIP) திட்டத்தில் வீட்டு மாத வருமானம் 22,500 ரூபாய்க்குள் இருந்தால் ஊன்றுகோல், நாற்காலி, காது கருவி போன்றவை முழு இலவசம், 30,000 வரை பாதி விலை. ஸ்கூட்டர் கைக்கு வந்ததும் ஆர்.சி.யில் மாற்றியமைக்கப்பட்ட வாகனம் என்று பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள், உங்கள் ஓட்டுநர் உரிமமும் அதே வகைக்கு இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு விபத்தில் இன்சூரன்ஸ் கையை விரித்துவிடும்.

மலையில் இந்த ஸ்கூட்டரை ஓட்டுவது தனிப் பாடம். கியர் இல்லாத வண்டி, இறக்கத்தில் என்ஜின் பிடித்து நிறுத்தாது, எல்லாப் பாரமும் பிரேக்கில்தான். தொடர்ந்து அழுத்திக்கொண்டே இறங்கினால் சூடாகிப் பிடிப்பு குறைந்துவிடும். விட்டுவிட்டுப் பிடியுங்கள், ஐந்தாறு வளைவுக்கு ஒருமுறை ஓரத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். பக்கச் சக்கரம் இருப்பதால் சாதாரண ஸ்கூட்டர்போல் வண்டியைச் சாய்த்துத் திருப்ப முடியாது, வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வேகமாகவே உள்ளே போய்விட்டால் வளைவின் உள்பக்கச் சக்கரம் தூக்கும். நான் ஊருக்குள் ஸ்கூட்டர், சேலத்துக்கு பஸ் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டிலிருந்து நிறுத்தம் வரை இருக்கும் ஒன்றரை கிலோமீட்டர்தான் எனக்கு எப்போதும் பிரச்சினை, ஸ்கூட்டர் அதைத் தீர்த்துவிட்டது.

சேலம் ஜங்ஷனிலிருந்து ரயிலில் போகிறவர்களுக்குச் சுருக்கமாக: துணையில்லாமல் போக முடியாத உடல் இயக்கக் குறைபாடு உள்ளவர், முழுப் பார்வையற்றவர், அறிவுசார் குறைபாடு உள்ளவர் ஆகியோருக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 75 சதவீதம் தள்ளுபடி, கூட வருகிறவருக்கும் அதே தள்ளுபடி. காது கேளாமை, பேச இயலாமை இரண்டும் சேர்ந்து இருப்பவருக்கு ஸ்லீப்பரில் 50. இதற்கு ரயில்வேயின் படிவத்தில் அரசு டாக்டர் கையெழுத்திட்ட சலுகைச் சான்று வேண்டும், அதை வைத்து ரயில்வே அடையாள எண் ஒருமுறை வாங்கிவிட்டால் அப்புறம் போனிலேயே புக் செய்யலாம்.

மனு கொடுத்து இரண்டு மாதம் ஆகியும் சத்தமே இல்லை என்றால் முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-க்கு போன் போட்டு மனு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ரசீது வாங்காமல் வந்த மனு கொடுக்காத மனு. அதற்கும் பதில் இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு, 30 நாளில் பதில் தர வேண்டும். ஏன் பஸ் வரவில்லை என்று கேட்காதீர்கள், 'ஏன்' என்றால் நழுவிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: இன்ன தடத்தில் கடந்த மூன்று மாதத்தில் ஒவ்வொரு நாளும் எத்தனை நடை இயங்கியது, எத்தனை நடை ரத்தானது, ஒவ்வொரு நடையிலும் கட்டணமில்லா டிக்கெட் உட்பட எத்தனை டிக்கெட் வழங்கப்பட்டது.

முதலில் சொன்னேனே, நின்றுபோன அந்தக் காலை பஸ், அந்த ஊர்க்காரர்களுக்கு இப்படித்தான் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். பதில் நாலு பக்கம் வந்தது, டிக்கெட் எண்ணிக்கை நிரலில் வரிசையாக நாலு, ஐந்து, நாலு, மூன்று. கண் தெரியாத பெரியவருக்கு அவர் பேத்தி அதை ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினாள். "அப்போ நான் அந்த பஸ்ஸுலயே போகலையா சாமி?" என்று கேட்டார். அடுத்த மனுவில் பயணிகள் பட்டியலில் முதல் பெயர் அவருடையது, ஐந்து மாதம் கழித்து பஸ் வந்தது, காலை நடை மட்டும். மாலை நடைக்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம். அவர் ஏறியதும் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், டிக்கெட் கைக்கு வந்த பிறகுதான் பேத்தி அவரை உட்கார வைக்கிறாள்.